6,800 ரூபாய் வாங்கிக்கொண்டு என் கான்டெசாவைக் கெடுத்த கடை: பழைய கார் வைத்திருப்பவர்கள் கவனம்

கோபத்தோடுதான் எழுதுகிறேன். நேற்றுச் சாயங்காலம் கடைக்காரர் "உங்களால ஆனதைப் பாத்துக்கங்க சார்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். கியர் ராடைச் சுற்றி இருக்கிற உறையை மாற்றக் கொடுத்த 6,800 ரூபாய் போச்சு. பணத்தையாவது சம்பாதித்துக்கொள்ளலாம். எங்கே தேடினாலும் லேசில் கிடைக்காத இரண்டு சாமான்களை என் வண்டியிலிருந்து கழற்றித் தூக்கிப் போட்டிருக்கிறார்களே, அதற்கு யாரிடம் போவது? மதுரையிலும் சுற்று வட்டாரத்திலும் பழைய கார் வைத்திருக்கிற இன்னொருவர் இப்படி மாட்டக் கூடாது. புகார் கொடுத்திருப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை. சீட் கவர், தரை மேட்டு, பழைய காருக்கு உள் வேலை எல்லாம் செய்கிற கடை.

வண்டி 1994 மாடல் கான்டெசா கிளாசிக். 1.8 இசுசு பெட்ரோல் எஞ்சின், ஐந்து கியர். அப்பா ஆசை ஆசையாக வைத்திருந்த வண்டி. மேற்கு வங்காளத்தில் உத்தரபாராவில் 1984-லிருந்து செய்துகொண்டிருந்தார்கள், 2002-ல் நிறுத்திவிட்டார்கள். இப்போது சாமான் வேண்டுமென்றால் உடைத்த வண்டியிலிருந்து எடுத்தால்தான் உண்டு. பழைய அம்பாசிடருக்கும் பத்மினிக்கும் கியர் ஸ்டீயரிங் பக்கத்திலேயே இருக்கும் என்பதால் அவற்றுக்குத் தரையில் கியர் பூட் கிடையாது. அதனால் பழைய காருக்குக் கியர் பூட் என்று கேட்டால் நம் ஊர்க் கடைகளில் முழிப்பார்கள்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கியர் ராடைச் சுற்றி மடிப்பு மடிப்பாக ஒரு உறை தெரியும், அதுதான் பூட். கண்ணுக்குத் தெரிகிற மேல் உறை ரெக்சினிலோ தோலிலோ இருக்கும், அது பார்வைக்கு. அதற்கு அடியில் கனமான ரப்பர் பூட் ஒன்று இருக்கும். அதை ஒரு இரும்பு வளையம் வைத்துத் தரைத் தகட்டோடு போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள். கியர்பாக்ஸ் சூடு, ரோட்டுப் புழுதி, மழைத் தண்ணீர், சைலன்சர் புகை, சத்தம், எல்லாவற்றையும் உள்ளே விடாமல் தடுப்பது அந்த ரப்பர்தான். என் வண்டியில் மேல் உறை கிழிந்து தொங்கியது. ரப்பர் வெயிலுக்கு இறுகி ஒரு மடிப்பில் மட்டும் வெடித்திருந்தது. அக்கா மகனுக்கு அழகர்கோவிலில் மொட்டை. தாய்மாமன் நான்தானே, எல்லோரையும் இந்த வண்டியில் கூட்டிப் போக வேண்டும் என்று ஆசை. அதற்காகத்தான் அந்தக் கடைக்குப் போனேன்.

போன உடனே அந்த ஆள் வண்டியைச் சுற்றி வந்தார். டேஷ்போர்டைத் தடவிப் பார்த்தார். "இந்த மாதிரி வண்டியெல்லாம் இப்ப யாருண்ணே வச்சிருக்கா, அப்பா வண்டியா?" என்று கேட்டார். அப்பாவைப் பற்றி விசாரித்தார். டீ வந்தது. கியர் ராடைப் பிடித்து ஒவ்வொரு கியராகப் போட்டுப் பார்த்துவிட்டு, "ஒரிஜினல் கான்டெசா பூட்டே டெல்லியில இருக்குண்ணே, பழைய ஸ்டாக். உள்ள ரப்பரு, மேல நெசத் தோலு, ரெண்டும் சேத்து, மாட்டிக் குடுக்கிற கூலியோட 6,800" என்றார். நான் யோசிப்பதைப் பார்த்ததும் மேசை டிராயரிலிருந்து ஒரு தோல் துண்டை எடுத்தார். அதன் ஓரத்தில் லைட்டரைப் பிடித்தார். உருகவில்லை, முடி கருகுகிற நாற்றம் வந்தது. "பாத்தீங்களா, ரெக்சினா இருந்தா பிளாஸ்டிக் மாதிரி உருகி ஓடிரும். நான் ஏமாத்த மாட்டேண்ணே" என்றார். இவ்வளவு செய்து காட்டுகிற ஆளை யார்தான் நம்ப மாட்டார்கள்? டெல்லிக்காரர் முழுப் பணமும் வந்தால்தான் அனுப்புவார் என்றார். 6,800 ரூபாயையும் அங்கேயே ஜிபேயில் போட்டேன். பில் கேட்டதற்கு, சாமான் வரட்டும், சேர்த்துப் போட்டுத் தருகிறேன் என்றார். இன்றுவரை அந்த பில் வரவில்லை.

சாமான் வந்ததும் காலையில் வண்டியை விடச் சொல்லி, இருட்டின பிறகு கொடுத்தார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது, கருப்பு நிறத்தில் வரிசையான தையல்.

மொட்டைக்குக் கிளம்பிய அன்று வண்டவாளம் தெரிந்தது. ஊரைத் தாண்டுவதற்குள் என் இடது காலில் அனல் அடிக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, வலது காலைத் தூக்கி மேலே வைத்துக்கொண்டார். புகை நாற்றத்தில் குழந்தை அழ ஆரம்பித்துவிட்டது. இதற்கு முன்னால் வெடித்த ரப்பரோடு ஓடியபோதுகூட இப்படி இல்லை. நான்காவது கியர் போட்டால் ராடை யாரோ முன்பக்கம் இழுப்பது போல இருந்தது, ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதும் தானாக நியூட்ரலுக்கு வந்துவிட்டது. பின்னால் லாரி. வண்டிக்குள் பெரியவர்களும் பச்சைப் பிள்ளையும். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு பதறுகிறது.

மறுநாள் சிம்மக்கல்லில் எனக்குத் தெரிந்த பழைய மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் மேல் உறையைத் தூக்கி டார்ச் அடித்துக் காட்டினார். உள்ளே ரப்பரே இல்லை. புது ரப்பரும் இல்லை, என்னுடைய பழைய ரப்பரும் இல்லை, இரும்பு வளையமும் இல்லை. போல்ட் இருந்த ஓட்டைகள் மட்டும் வெறுமனே இருந்தன. கியர்பாக்ஸ் ஓரமாக அவருடைய ஷெட்டின் சிமெண்ட் தரை தெரிந்தது. மேல் உறை வேறு ஏதோ சின்ன காருடையது, உயரம் பத்தவில்லை. கியரைப் பின்னால் இழுத்தால் விறைத்துக்கொண்டு ராடை முன்னே தள்ளுகிறது. உறையைப் பிடிக்கிற மேல் சட்டம் பொருந்தவில்லை என்று, கியரைச் சுற்றியுள்ள கன்சோல் பெட்டியின் மூலைகளில் தகடு ஸ்க்ரூவை முடுக்கியிருக்கிறார்கள், ஒரு மூலை விரிந்துவிட்டது. கியர் ராடின் உச்சியில் இருக்கிற குமிழில் கட்டிங் பிளேயர் பல் பதிந்த தழும்பு. உறையைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் நெய்த துணி. தோலுக்கு அடிப்பக்கம் பஞ்சு பஞ்சாக நார் இருக்க வேண்டும். ஓரத்தில் லைட்டரைப் பிடித்தோம். சுருண்டு உருகிச் சொட்டியது.

இது ஒழுங்காகச் செய்தால் பெரிய வேலையே இல்லை என்று அண்ணன் சொன்னார். குமிழின் அடியில் இருக்கிற லாக் நட்டைத் தளர்த்திக் குமிழைக் கையால் கழற்ற வேண்டும். புது ரப்பரைச் சுடுதண்ணீரில் போட்டு இளக்கி, சோப்புத் தண்ணீர் தடவி இறக்க வேண்டும், கிரீஸ் தடவினால் ரப்பர் ஊதிக் கெட்டுப்போகும். வளையத்தின் போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ரிவர்ஸ் உட்பட எல்லாக் கியரும் போட்டு, உறை எங்கும் விறைக்கவில்லை என்று பார்த்த பிறகுதான் மேல் சட்டத்தை மாட்ட வேண்டும்.

கடைக்குப் போனேன். அதுவரை அண்ணே, அன்றிலிருந்து சார். "டெல்லியில இருந்து வந்ததே அப்படித்தான் சார்." அப்புறம், "மாட்டின பையன் ஊருக்குப் போயிருக்கான், வந்ததும் கேக்கறேன்." என் பழைய ரப்பரும் வளையமும் எங்கே என்றால், "அது குப்பை சார், அன்னைக்கே போட்டாச்சு." கியர் நழுவுகிறது என்றால், "பழைய வண்டின்னா அப்படித்தான் இருக்கும்." போட்டோக்களை அனுப்பினேன், பார்த்ததற்கு நீல டிக் விழுந்தது, பதில் வரவில்லை. வேறு நம்பரிலிருந்து அழைத்தபோது எடுத்து, மேற்கொண்டு 1,500 கொடுத்தால் சரி செய்து தருவதாகச் சொன்னார்! 6,800 ரூபாயைத் திருப்பிக் கொடு என்றதற்குத்தான் உங்களால் ஆனதைப் பாருங்கள் என்ற பதில்.

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், ஆத்திரத்தில் ஓடவில்லை. இதை மட்டும் செய்யுங்கள். வேலை நடக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். கழற்றிய பழைய சாமானைக் கையோடு வாங்கி டிக்கியில் போடுங்கள், கிழிந்திருந்தாலும் சரி. மேல் உறையைத் தூக்கி உள்ளே ரப்பர் இருக்கிறதா என்று பார்க்காமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள். கடைக்காரர் கொளுத்திக் காட்டுகிற துண்டை விடுங்கள், மாட்டப் போகிற உறையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். பில் இல்லாவிட்டாலும் பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டை அழிக்காதீர்கள். நுகர்வோர் உதவி எண் 1915. நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், 2 வருஷத்துக்குள் போட வேண்டும், கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. நான் 1915-ல் பதிந்துவிட்டேன், அடுத்தது ஆணையம்தான்.

யாரிடமாவது 1.8 கான்டெசாவின் உள் ரப்பரோ அந்த இரும்பு வளையமோ இருந்தால் சொல்லுங்கள், நியாயமான விலை கொடுக்கிறேன். வளையத்தைக் கொடுக்க மனமில்லாவிட்டால் அளவெடுக்க ஒரு நாள் கொடுத்தாலும் போதும், தகட்டில் வெட்டிக்கொள்கிறேன்.