ஆவுளியாவைக் காக்க எல்லைக்கோடா, பரிசுத் தொகையா?

பாக் நீரிணையின் கடற்பசுவுக்கு, அதாவது ஆவுளியாவுக்கு, இரண்டு வகைக் காப்பு இருக்கிறது. ஒன்று, 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலோரத்தில் தமிழக அரசு அறிவித்த 448 சதுர கிலோமீட்டர் காப்பகம். இந்தியாவில் ஆவுளியாவுக்கென அமைந்த முதல் காப்பகம் இதுதான். இன்னொன்று, வலையில் சிக்கியதை உயிரோடு விடுவிக்கும் மீனவருக்குத் தரப்படும் பரிசுத் தொகை.

காப்பகத்தின் பலம் கடற்புல். வளர்ந்த ஆவுளியா ஒரு நாளைக்கு 30 கிலோவுக்கு மேல் புல் மேயும். படகு இழுத்துச் செல்லும் இழுவை மடி வலை கடல் தரையைச் சுரண்டிக்கொண்டு போனால் மேய்ச்சல் நிலமே போச்சு. அந்த இடத்தைக் காக்கப் பரிசுத் தொகையால் முடியாது.

சரி, ஆவுளியா கோட்டுக்குள்ளேயே இருக்குமா? இருக்காது. அதற்குச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சு விட்டாக வேண்டும். கோட்டுக்கு வெளியே செவுள் வலையில் மாட்டினால் மேலே வர முடியாமல் மூச்சுமுட்டிச் சாகும். அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பவர் படகுக்காரர்தான், அதிகாரி அல்ல. ஒரு குட்டிக்கும் அடுத்த குட்டிக்கும் இடையே மூன்று முதல் ஏழு ஆண்டுகள் ஆகும் விலங்கு இது. ஒரு தாய் செத்தால்கூட ஈடுகட்டுவது கடினம்.

அதனால் இன்றைக்குக் கையில் பணம் குறைவு என்றால் பரிசுக்கே முதலில் ஒதுக்குவேன். ஆனால் ஆவுளியாவை விடுவிக்க அறுத்த வலையின் விலையையும் அதில் சேர்க்க வேண்டும். நஷ்டப்பட்டு யார் வலையை அறுப்பார்கள்?