கோல்ஃப் சுழற்சிக் கிட்: கம்பிக்கும் ரப்பருக்கும் காசு கொடுக்கலாம், மார்புப் பட்டைக்கு வேண்டாம்

கோல்ஃப் வீச்சில் உடலைத் திருப்பிப் பழக ‘ரொட்டேஷன் டிரெய்னர்’ என்று ஆன்லைனில் விற்கிற கிட்டுகளில் பெட்டியின் நிறம்தான் மாறுகிறது, உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒரே சாமான். நாலடி நீளத்தில் இரண்டு ஃபைபர் கம்பி, மார்பில் மாட்ட ஒரு எலாஸ்டிக் பட்டை, வளையம் தைத்த இடுப்பு பெல்ட், அதில் கொக்கி போட ஒரு ரப்பர் டியூப், கதவிடுக்கில் சொருக ஸ்பாஞ்ச் சுற்றிய ஆங்கர், நாலாக மடித்த ஒரு தாள். இதில் கம்பி உருப்படியானது. ரப்பரும் நல்லதுதான், ஆனால் தாளில் போட்டிருக்கிற மாதிரி மாட்டினால் கெடுதல். மார்புப் பட்டை தண்டம்.

குமரி மாவட்டத்தில் இதை வாங்க நினைக்கிறவர், வாரநாளில் மொட்டைமாடியில் வீசிப் பழகிவிட்டு ஞாயிற்றுக்கிழமை களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம் கவடியாரின் 9 குழி மைதானத்துக்குப் போகிறவராக இருக்கலாம். வளைகுடாவில் வேலை பார்த்தபோது ஆடப் பழகி ஊர் திரும்பியவராகவும் இருக்கலாம். பந்து பறக்கிற போக்கைப் பார்த்துத் திருத்திக்கொள்ளும் வசதி மாடியில் கிடையாது. உடல் திரும்பியதா, கை மட்டும் போய்விட்டு வந்ததா என்பதை வேறு எதுவாவது காட்டித்தர வேண்டும். அந்த வேலையை இந்தக் கிட் எவ்வளவு செய்கிறது என்று மட்டும் பார்ப்போம். கீழே சொல்வதெல்லாம் வலக்கை ஆட்டக்காரர் கணக்கில்.

முதலில் தாளில் உள்ள கணக்கு. கிளப்பை, அதாவது மட்டையை, பின்னால் தூக்குகிற பேக்ஸ்விங்கின் உச்சியில் இடுப்பு சுமார் 45 டிகிரி, மார்பு சுமார் 90 டிகிரி. இதில் தப்பில்லை. இரண்டுக்கும் நடுவே இடைவெளி கூடக்கூடத் தூரம் கூடும் என்று அடுத்தபடியாகச் சொல்கிறார்களே, அங்கேதான் வினை. 1992இல் அமெரிக்கப் பயிற்சியாளர் ஜிம் மெக்லீன் ‘எக்ஸ் ஃபேக்டர்’ என்று பெயர் வைத்ததிலிருந்து ஓடுகிற சரக்கு இது. இடுப்பைக் கெட்டியாகப் பிடித்துவைத்துக்கொண்டு மார்பை மட்டும் முறுக்கினால், அந்த முறுக்கு போய் விழுவது கீழ்முதுகில். கீழ்முதுகின் ஐந்து எலும்பும் சேர்ந்தே ஒரு பக்கத்துக்குச் சுமார் பத்து டிகிரிதான் திரும்பும். திரும்ப வேண்டியவை நடுமுதுகும் இடுப்பு மூட்டும். நாள் முழுக்க நாற்காலியிலோ வண்டியிலோ உட்கார்ந்திருக்கிறவருக்கு இந்த இரண்டும்தான் முதலில் இறுகும். நாற்பது தாண்டியவர் தாளை நம்பி இடுப்பை நிறுத்திவைத்துப் பழகினால் டாக்டரிடம்தான் போய் நிற்பார். அமெரிக்க வீரர் ஜாக் நிக்லஸ் இடது குதிகால் எழும்பும் அளவுக்கு இடுப்பைத் தாராளமாகத் திரும்பவிட்டுத்தான் ‘மேஜர்’ என்கிற பெரிய போட்டிகளில் 18 ஜெயித்தார்.

ஆகவே பெட்டியைப் பிரித்ததும் வீசக் கிளம்ப வேண்டாம். ஒரு ஸ்டூலில் உட்காருங்கள். முழங்கால் இரண்டும் ஒட்டியிருக்கட்டும். ஒரு கம்பியை மார்பின் குறுக்கே வைத்து, கைகளைக் குறுக்காகக் கட்டி அழுத்திக்கொண்டு இரண்டு பக்கமும் திரும்புங்கள். நம்மூர் வீடுகளில் இப்போது சதுர டைல்ஸ்தானே போடுகிறார்கள், அதுவே கோணமானி. டைல்ஸ் இணைப்புக்கோட்டுக்கு நேராக உட்கார்ந்தால், சதுரத்தின் மூலைக்கு மூலை போகிற கோடு 45 டிகிரி. கம்பி அந்த மூலைவிட்டத்தைத் தொட்டால் நடுமுதுகு தேவையான அளவு திரும்புகிறது. தொடவில்லையென்றால் ரப்பரும் பட்டையும் எதுவும் செய்யப்போவதில்லை. முட்டிபோட்டுக் கையூன்றி, ஒரு கையைப் பிடரியில் வைத்து முழங்கையை மேலே திறக்கிற பயிற்சியைக் கொஞ்ச நாள் செய்துவிட்டு வாருங்கள். அதுவரை பேக்ஸ்விங்கைக் குறைத்துக்கொள்ளலாம், குதிகாலைத் தூக்கலாம். இடது பாதத்தை 20, 30 டிகிரி வெளியே திருப்பி வைத்தால், கிளப்பைக் கீழே இறக்குகிற டவுன்ஸ்விங்கில் இடது இடுப்பு மூட்டுக்கு இடம் கிடைக்கும்.

கம்பியின் உண்மையான பயன் நின்று செய்யும்போதுதான் தெரியும். கால்விரல்களை இணைப்புக்கோட்டில் வையுங்கள். ஒரு கம்பியை பேன்ட்டின் முன்பக்க பெல்ட் லூப்புகளுக்குள் குறுக்கே நுழையுங்கள். இன்னொன்று மார்பில். இடுப்பு மூட்டிலிருந்து குனியுங்கள், முதுகை வளைத்து அல்ல. இப்போது வலப்பக்கம் திரும்பினால் இரண்டு கம்பிகளின் இடது நுனியும் கண்ணுக்கு முன்னால் வரும். இடுப்புக் கம்பி மூலைவிட்டத்தின் மேல், மார்புக் கம்பி கால்கோட்டுக்குச் செங்குத்தாக. அதோடு முடியவில்லை. மார்புக் கம்பியின் இடது நுனி கீழே சரிந்து, பந்து இருக்கும் இடத்துக்குச் சற்று அப்பால் தரையைக் காட்ட வேண்டும். எதிர்ச்சுவரைக் காட்டினால் திரும்பும்போது நிமிர்ந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். குனிந்த அச்சைச் சுற்றித் திரும்பாமல் நின்ற அச்சைச் சுற்றித் திரும்பினால், கீழே வரும்போது மறுபடி குனிய வேண்டிவரும். அந்த இறக்கம் ஒரு தடவை இருந்த மாதிரி இன்னொரு தடவை இருக்காது. ஒன்று பந்தின் தலையில் படும், ஒன்று தரையைத் தோண்டும்.

அதே கம்பியால், இடுப்பு திரும்பாமல் பக்கவாட்டில் நகர்கிற சாய்வையும் பிடிக்கலாம். பெயின்ட் டப்பாவில் மணல் நிரப்பிக் கம்பியை நட்டு, வலது இடுப்புக்கு வெளியே ஓர் அங்குலம் தள்ளி வையுங்கள். பேக்ஸ்விங்கில் இடுப்பு கம்பியில் இடித்தால் அது திரும்பவில்லை, வலப்பக்கம் நகர்ந்திருக்கிறது. ஒழுங்காகத் திரும்பினால் வலது புட்டம் பின்னால் போய், கம்பிக்கும் இடுப்புக்கும் இடைவெளி கூடும். டப்பாவை இடது பக்கம் மாற்றி வைத்து டவுன்ஸ்விங்கையும் பாருங்கள். அங்கே லேசாக உரசினால் பரவாயில்லை, எடை இடது காலுக்கு மாறத்தான் வேண்டும். டப்பாவோடு தள்ளிக்கொண்டு போனால் சறுக்கல். சிலம்பமோ அடிமுறையோ பழகியவர்களுக்கு இடுப்பிலிருந்து திரும்புவது புதிதல்ல, இந்தச் சாய்வு அவர்களிடம் குறைவு. அவர்களுக்கு வருகிற சிக்கல் வேறு: நட்ட இடத்தில் கால் நிற்காது, தானாகச் சுவடு மாறும்.

மார்புப் பட்டை ஏன் தண்டம் என்றால், அது உட்காருகிற இடம் தப்பு. தோள்மூட்டுக்குக் கீழே கையையும் சேர்த்து வளைத்துப் பிடிக்கும்படி தைத்திருக்கிறார்கள். தோள்பட்டை எலும்பு விலா எலும்பின் மேல் வழுக்குகிற ஒன்று. இடது தோளை முன்னால் தள்ளினாலே பட்டையில் சொருகிய கம்பி கணிசமாகத் திரும்பிவிடும், மார்புக்கூடு அசைந்திருக்காது. 90 வந்துவிட்டது என்று மனசு நிறையும், உள்ளே 60தான் இருக்கும். கீழே இறக்கி, அக்குளுக்கும் கீழே விலாவைச் சுற்றிக் கட்டினால் காட்டுகிற கோணம் கொஞ்சம் உண்மையாகும். ஆனால் தொப்பை உள்ளவர்களுக்குக் கம்பி மேல்நோக்கித் தூக்கிக்கொள்ளும். போதாக்குறைக்கு நம் கடற்கரைப் புழுக்கத்தில் எலாஸ்டிக் வியர்வையில் ஊறித் தொளதொளக்கும், வெல்க்ரோ பிடிக்காது, பக்கிளின் இரும்புக் கம்பி உப்புக்காற்றில் துருப்பிடித்து பனியனில் கறையாகும். கையைக் கட்டிக் கம்பியைப் பிடிப்பதே மேல்.

அடுத்து ரப்பர். பெல்ட் வளையத்தை வலது இடுப்பில் வைத்து, டியூபைப் பின்னால் இருக்கும் கதவில் மாட்டி, அந்த இழுப்பை எதிர்த்துத் திரும்பும்படி படம் போட்டிருக்கிறது. இப்படி மாட்டினால் உடல் என்ன செய்யும்? பின்னால் இழுக்கிற வலது இடுப்பை முன்னால், பந்தை நோக்கித் தள்ளும். இடுப்பு பந்தின் பக்கம் வந்ததும் கை போக வழியில்லாமல் முதுகு நிமிரும். பந்து கிளப்முகத்தின் நடுவில் படாமல், தண்டோடு சேரும் குதிகால் பக்கமோ கிளப்பின் கழுத்திலோ படும். ஷாங்க் என்று தலையில் அடித்துக்கொள்கிறோமே, அதைக் காசு கொடுத்துப் பழகுகிற வழி இது.

வளையத்தை இடது இடுப்புக்கு மாற்றுங்கள். கதவு பின்னாலேயே இருக்கட்டும். இப்போது டியூப் இடது இடுப்பைப் பின்னால் இழுக்கும், அதாவது டவுன்ஸ்விங்கில் அது போக வேண்டிய திசைக்கே. எதிர்ப்பு இல்லை, வழிகாட்டல். டியூபை அதன் நீளத்தில் ஒன்றரை மடங்குக்கு மேல் இழுக்காத தூரத்தில் நின்று, உச்சியில் ஒரு கணம் நிறுத்தி, இடது இடுப்பு பின்னால் போவதை முதலில் விடுங்கள். மார்பு அதன்பின், கை அதற்கும் பின்னால். எட்டோ பத்தோ மெதுவாகச் செய்து, ரப்பரைக் கழற்றிவிட்டு அதே உணர்வில் மூன்று நாலு வீச்சு. இப்படி இரண்டு சுற்று போதும். இது பழகிய பிறகு முன்பக்கத் தூணுக்கு மாற்றி, இடது இடுப்பை எதிர்ப்போடு பின்னால் இழுக்கலாம். ஆனால் டியூப் அப்போது கிளப் வரும் பாதையில் குறுக்கே நிற்கும், கையைக் கட்டிக்கொண்டுதான் செய்ய வேண்டும்.

இந்த வரிசையைக் கிட் சொல்லித்தராது. பந்தில் படும் நேரத்தில் இடுப்பு இலக்கின் பக்கம் 30 முதல் 45 டிகிரி திறந்திருக்க வேண்டும், மார்பு அதைவிடக் குறைவாக. மார்பு முந்திக்கொண்டால் கிளப் வெளியிலிருந்து உள்ளே வெட்டும், பந்து வலப்பக்கம் வளைந்து ஸ்லைஸ் ஆகும். இடுப்பு நின்றுவிட்டால் மணிக்கட்டு புரண்டு இடப்பக்கம் ஹுக் போகும், அல்லது பந்தில் படுவதற்குள் கிளப் தரையில் இடிக்கும். கம்பியும் ரப்பரும் எவ்வளவு என்பதைத்தான் காட்டும். எது முதலில் என்பதற்கு போன் கேமராவை எதிரே இடுப்பு உயரத்தில் வைத்து ஸ்லோ மோஷனில் பார்க்க வேண்டும். இன்னொரு சோதனைக்குக் காசே வேண்டாம்: புட்டம் சுவரில் படும்படி நின்று கிளப் இல்லாமல் திரும்புங்கள். போகும்போது வலது புட்டம், வரும்போது இடது புட்டம் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும். நடுவில் இரண்டுமே சுவரை விட்டால் இடுப்பு பந்துக்குப் பாய்கிறது.

கதவு ஆங்கர் பழைய வீடுகளில் சரிப்படாது. அயினி, தேக்குக் கதவுகளில் ஸ்பாஞ்ச் நுழைய இடுக்கு இருக்காது. இருந்தாலும், நீங்கள் இழுக்கும் பக்கம் திறக்கிற கதவில் மாட்டக் கூடாது, கதவு திறந்து டியூப் முகத்தில் அடிக்கும். சிட்டவுட் தூணோ ஜன்னல் கம்பியோ நல்லது. துருப்பிடித்த ஜன்னல் கம்பி ரப்பரை அறுக்கும், பழைய துணியைச் சுற்றிக் கட்டுங்கள். ரப்பருக்கு இன்னொரு எமன் தேங்காயெண்ணெய். தலைக்குத் தேய்த்த கையோடு தொட்டுத்தொட்டு வைத்தால் டியூப் ஊதிப் பிசுபிசுத்து ஒருநாள் அறுந்துபோகும். கையைக் கழுவிவிட்டு எடுங்கள், முடிந்ததும் துடைத்து முகப்பவுடர் தூவி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். மாடிக் கைப்பிடிச் சுவரில் தொங்கவிட்டால் வெடித்துவிடும்.

கிட் வேண்டாம் என்கிறவர்களுக்கு நம்மூரிலேயே எல்லாம் கிடைக்கும். எலக்ட்ரிக்கல் கடையில் முக்கால் இஞ்ச் பிவிசி பைப் வாங்கி நாலடியாக அறுத்தால் மார்புக்கும் டப்பாவுக்கும் கம்பி ரெடி. கொஞ்சம் தடிமன், பெல்ட் லூப்புக்குள் நுழையாது, இடுப்புக்கு மெல்லிசான குச்சி ஏதாவது பார்க்க வேண்டும். சைக்கிள் டியூபை வால்வு நீக்கி வெட்டினால் கிட் ரப்பரைவிட உழைக்கும், ஆனால் அதிகம் நீளாது, அதனால் இன்னும் பக்கத்தில் நிற்க வேண்டும். தரைக்குத் தேங்காய் நார் மிதியடி. காங்கிரீட்டில் அயர்ன் (இரும்புத் தலை கிளப்) இடிக்கிற அதிர்ச்சி மணிக்கட்டுக்கு ஏறாது. மிதியடியில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு வீசினால், நாரை உரசிய தடம் கோட்டுக்கு முன்னால், இலக்கின் பக்கம் விழுகிறதா என்று தெரியும்.

பந்தைத் தடுத்து நிறுத்துகிற வலை கிட்டில் வராது. குளச்சல் பக்கம் மீன்வலை வாங்கலாம் என்று நினைக்கிறவர்கள் கண்ணி அளவைக் கவனியுங்கள். மீன்வலையில் கண்ணியை இழுத்துப்பிடித்துத்தான் அளப்பார்கள், 40 மில்லிமீட்டர் என்றால் ஒரு பக்கம் 20தான். கோல்ஃப் பந்தின் விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையாது. ஆக அந்த அளவு போதும், அதைவிடப் பெரிது வேண்டாம். மெல்லிய ஒற்றை இழை வலை பந்துக்குத் தாங்காது, முறுக்கு நூல் வலையாகப் பாருங்கள். இறுக்கிக் கட்டினால் பந்து திரும்பி வரும், தொய்வாகத் தொங்கவிடுங்கள். ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கத்தில் ஆனி, ஆடிக் காற்றுக்கு மாடியில் வலையே நிற்காது. அந்த மாதங்களில் ஸ்பாஞ்ச் பந்தோடு கீழே முற்றத்தில் பழகலாம்.

மைதானத்துக்குப் போகும்போது கம்பியைக் கொண்டுபோகலாம். மார்த்தாண்டம் நெரிசலில் மணிக்கணக்காக உட்கார்ந்து இறங்கியவருக்கு இடுப்பு மூட்டு இறுகியிருக்கும், கார் நிறுத்துமிடத்திலேயே கம்பி வைத்துப் பத்துத் தடவை திரும்பிவிட்டு, முதல் பந்தை அடிக்கிற ‘டீ’ மேடைக்குப் போவது நல்லது. ஆட்டம் தொடங்கியபிறகு கம்பி பையிலேயே இருக்கட்டும். கோல்ஃப் விதி 4.3ன்படி சுற்றின் நடுவே இப்படிப்பட்ட பயிற்சிக் கருவியை வைத்து வீசிப் பார்த்தால் அடிகளை எண்ணுகிற ஸ்ட்ரோக் பிளே ஆட்டத்தில் இரண்டு ஸ்ட்ரோக் தண்டனை, மறுபடி செய்தால் ஆட்டத்திலிருந்தே நீக்கம்.

கிட்தான் வாங்குவேன் என்கிறவர், கம்பியும் இடுப்பு பெல்ட்டும் தனியாக விற்கிறார்களா என்று முதலில் தேடுங்கள். பெல்ட்டில் வளையம் ஒரே இடத்தில் தைத்திருந்தால் வாங்க வேண்டாம். நகர்த்துகிற வளையம் இருந்தால்தான் இடது இடுப்புக்கு மாற்ற முடியும், இடக்கை ஆட்டக்காரருக்கும் அப்போதுதான் உதவும்.