அம்மாவுக்காகப் படித்த கையேடு

சாயங்காலம் ஐந்து மணியானால் அம்மா துணிப்பையோடு வாசலில் நிற்பாள். வீட்டுக்குப் போக வேண்டுமாம். அவள் நிற்பதே நாற்பது வருடமாகக் குடியிருக்கும் வீட்டு வாசலில்தான்! அல்சைமர், அதாவது மறதி நோய் என்று டாக்டர் சொன்ன இரவே இணையத்தில் தேடினேன். முதலில் வந்தது மறதி போக்கும் லேகியம். அதற்கும் பணத்தைக் கொட்டினேன், வெட்கக்கேடு.

பிறகுதான் மறதி நோயாளிகளைப் பராமரிப்பவர்களுக்கான, உலக சுகாதார நிறுவனத்தின் ‘ஐ-சப்போர்ட்’ கையேடு கிடைத்தது. 2019இல் வந்தது, இலவசம். மொத்தம் 23 பாடங்கள். நோயைப் பற்றி ஒன்றே ஒன்று. நடத்தை மாற்றங்களைச் சமாளிக்கப் பத்து. எனக்கு வேண்டியிருந்ததும் அந்தக் கணக்குதான். குணமாகிவிடும் என்று எங்கும் ஆசை காட்டவில்லை; அதனாலேயே நம்பினேன். ஒரு குடும்பத்தின் நிலைமையைச் சொல்லி, நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்கிறது.

"இதுதானே நம் வீடு" என்று மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டேன். "காப்பி குடித்துவிட்டுக் கிளம்பலாம் அம்மா" என்கிறேன். பாதி நாள் பை கீழே இறங்கிவிடுகிறது.

நான் படித்தது ஆங்கிலப் பதிப்பு. தம்பிக்குத் தமிழில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். முழுவதையும் அச்சிட வேண்டாம், நடத்தை மாற்றங்களைப் பற்றிய கடைசிப் பகுதி போதும். பராமரிப்பவர் தன்னைக் கவனித்துக்கொள்ளவும் மூன்று பாடங்கள் உண்டு. இன்னும் புரட்டவில்லை, நேரம் எங்கே?