அரவிந்தர் ஆசிரமச் சமாதி: உட்காரப் போகிறவர்களுக்கு

புதுச்சேரி ஆசிரமத்துக்குப் போய் வந்தவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான்: "உள்ளே பார்க்க ஒண்ணுமே இல்லை, பத்து நிமிஷத்துல வெளியே வந்துட்டோம்." உண்மைதான். கூப்பிடு தூரத்தில் இருக்கும் மணக்குள விநாயகர் கோயிலில் அர்ச்சனை முடித்து, அதே வேகத்தில் இங்கே நுழைந்தால் கைக்கு எதுவும் கிடைக்காது. விபூதி இல்லை, தீர்த்தம் இல்லை, விளக்கிச் சொல்ல ஆளும் இல்லை. ஒரு முற்றம், கிளை பரப்பிய இயல்வாகை மரம், அதன் நிழலில் பூ அடுக்கிய வெள்ளைப் பளிங்குச் சமாதி, ஊதுவத்தி மணம். 1950 டிசம்பர் 9-ல் அரவிந்தரை இங்கே வைத்தார்கள். 1973 நவம்பரில், ஆசிரமத்தை நடத்திவந்த அன்னைக்கு (மிரா அல்ஃபாசா) அதன் மேலறை.

சரணாகதி தியானம், அதாவது நம் பிடியை விட்டு எல்லாவற்றையும் இறைவனிடம் ஒப்படைத்து உட்காருவது, பழகுகிறவருக்கு இந்த ஒன்றுமில்லாமைதான் வசதி. செய்வதற்கு வேலை இல்லாதபோதுதான் மனசு எதைக் கெட்டியாகப் பிடித்திருக்கிறது என்று தெரியவரும்.

பார்வை நேரம் காலை 8 முதல் 12, மதியம் 2 முதல் 6. எட்டு மணிக்கே போய்விடுங்கள். சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்குப் போனால் தூக்கம்தான் வரும். செருப்பை வெளியே விட்டு, செல்போனை அணைத்துவிட வேண்டும். மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்கு அனுமதியில்லை. சமாதியில் தலை வைத்து வணங்கியதும் நகர்ந்துவிடுங்கள், பின்னால் வரிசை நிற்கும். முற்றத்து ஓரமாகத் தரையில் உட்காரலாம். பிப்ரவரி 21, ஆகஸ்ட் 15 மாதிரியான தரிசன நாட்கள் வணங்குவதற்குச் சரி, அமைதியாக உட்கார ஏற்றவை அல்ல.

ஒரு துண்டை நாலாக மடித்து எடுத்துப் போங்கள். அதன் முன்விளிம்பில் உட்கார்ந்தால் இடுப்பு முட்டியைவிட ஓரிரு அங்குலம் உயரும். வெறுந்தரையில் முட்டி தூக்கி நிற்கும், கீழ்முதுகு கூன் விழும், பத்தாவது நிமிஷம் வலியைத் தவிர வேறு நினைப்பு இருக்காது. முயற்சியைத் தளர்த்தினால்தான் ஆசனம் கைகூடும் என்கிறது யோகசூத்திரம் (2.47). சரணாகதி அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது.

இருபது நிமிஷம் போதும். முதல் ஐந்து நிமிஷம் மூச்சைத் திருத்தாமல் விடுங்கள். எண்ணத்தை அமுக்கவும் வேண்டாம், அமுக்கினால் தாடை இறுகும், நெற்றி கனக்கும். 1908 ஜனவரியில் பரோடாவில் விஷ்ணு பாஸ்கர் லேலே என்ற மராட்டிய யோகி அரவிந்தருக்குச் சொன்னது எளிய வழி: எண்ணங்கள் வெளியிலிருந்து வருகின்றன, உள்ளே நுழையும் முன்பே தள்ளிவிடு. அரவிந்தருக்கு மூன்று நாளில் மனம் அடங்கியது. நமக்கு அந்தக் கணக்கு வேண்டாம். பக்கத்தில் ஒருவர் கேரிபேக்கைச் சரசரவென்று மடிப்பார், அந்தச் சத்தம் எரிச்சலாக மாறும் கணத்தைப் பிடித்தாலே நல்ல பயிற்சி.

அப்புறம் ஒரே ஒரு விஷயத்தை எடுங்கள். கடனோ, மகளின் வரனோ. விட வேண்டியது அந்த விஷயத்தை அல்ல, 'இப்படித்தான் முடியணும்' என்ற பிடியை. இங்கேதான் பலருக்குச் சறுக்குகிறது. "இதை முடிச்சுக் கொடு, மொட்டை போடுறேன்" என்று மனசு பேரம் பேச ஆரம்பிக்கும். பேரம் என்று தெரிந்ததும் மறுபடி முதலிலிருந்து. இன்னொரு சறுக்கல், சோம்பலைச் சரணாகதி என்று நினைத்துக்கொள்வது. நாட்டமும் (இறைவனை ஏங்கி நாடுவது) விலக்கலும் (தடையானதைத் தள்ளுவது) சமர்ப்பணமும் சாதகன் செய்ய வேண்டிய வேலை என்றே அரவிந்தர் எழுதினார். நம் வைணவர்கள் சொல்லும் குரங்குக்குட்டிக் கணக்கு அது: குட்டிதான் தாயைப் பிடித்துக்கொள்ள வேண்டும். தாயே கவ்வித் தூக்கிப் போகும் பூனைக்குட்டியாவது அப்புறம்.

ஆரோவில்லில் இருக்கும் தியான மண்டபமான மாத்ரிமந்திரோடு சிலர் இதை ஒப்பிடுகிறார்கள். அங்கே உள்ளறையில் 70 செ.மீ. படிக உருண்டை, அதன்மேல் இறங்கும் சூரியக் கதிர், வெள்ளைக் காலுறை எல்லாம் உண்டு. மனத்தை ஒருமுகப்படுத்த அதற்கு ஈடில்லை. ஆனால் முன்பதிவு வேண்டும், நேரமும் அவர்கள் குறித்ததுதான். நினைத்தபோது போய் உட்கார சமாதி முற்றமே மேல்.

கடலூர்க்காரர்கள் இதற்காகப் புதுச்சேரி வரை வர வேண்டியதில்லை. சரணாகதியை அங்கம் அங்கமாகப் பிரித்துச் சொன்ன வைணவ ஆசாரியர் வேதாந்த தேசிகர் வாழ்ந்த திருவந்திபுரம் பக்கத்திலேயே இருக்கிறது. மலைமேல் ஹயக்ரீவர், படியேற முடியாதவர்களுக்குக் கீழே தேசிகர் சந்நிதி. முகூர்த்த நாளில் மட்டும் போகாதீர்கள், கல்யாண மேளத்துக்கு நடுவே மூச்சுச் சத்தம்கூடக் கேட்காது.