சோடியம் குறைத்த உப்பு: கல் எடுத்தவள் வீட்டு அனுபவம்

எங்கள் பகுதிக் கடையில் சோடியம் குறைத்த உப்பு இரண்டு மூன்று கம்பெனிகளில் கிடைக்கிறது. சோடியம் குளோரைடில் ஒரு பங்கைக் குறைத்து, பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பு இது. எவ்வளவு குறைத்திருக்கிறார்கள் என்பது பாக்கெட்டுக்குப் பாக்கெட் மாறும். பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள். விலை சாதா உப்பை விட அதிகம்தான், ஆனால் மாதத்துக்கு எத்தனை பாக்கெட் ஆகிவிடப் போகிறது?

போன வருடம் எனக்குச் சிறுநீரகக் கல்லை லேசர் வைத்து எடுத்தார்கள். கால்சியம் ஆக்சலேட் வகை. வாழைத்தண்டுச் சாறு பற்றிக் கேட்கலாம் என்று போனால், டாக்டர் உப்பைப் பற்றியே பேசினார். சிறுநீரகம் சோடியத்தை வெளியேற்றும்போது கால்சியமும் கூடவே சிறுநீரில் இறங்குமாம். ரத்த அழுத்தத்தை ஏற்றுவதும் அதே சோடியம்தான். "பால், தயிரை நிறுத்தாதீங்க, உப்பைக் குறைங்க. அப்படியே இதயத்தையும் ஒரு தடவை பார்த்துக்கோங்கம்மா" என்று பிபி, சர்க்கரை, கொலஸ்ட்ரால் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார்.

கல்லுக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம்? தேடிப் படித்தேன். அமெரிக்காவில் 2,40,000 பேருக்கு மேல் வருடக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2013-இல் வெளியானது. அதில் இரண்டு குழுக்கள் நர்ஸுகள். கல் வந்த பெண்களுக்கு இதய ரத்தக்குழாய் நோய் வரும் வாய்ப்பு ஒரு குழுவில் 18 சதவீதமும் இன்னொன்றில் 48 சதவீதமும் கூடுதல். ஆண்களிடம் அப்படித் தெளிவாகத் தெரியவில்லை. எடை, பிபி, சர்க்கரை எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் இந்த வித்தியாசம் நின்றிருக்கிறது. அதற்காகக் கல்தான் இதயத்தைக் கெடுக்கிறது என்று நிரூபணமாகிவிடவில்லை.

சரி, உப்புக்கு வருகிறேன். சாம்பார், ரசம், புளிக்குழம்பில் வித்தியாசமே தெரியவில்லை, புளிப்பும் காரமும் மறைத்துவிடுகின்றன. தயிர் சாதத்திலும் மோரிலும் மாட்டிக்கொள்கிறது. நாக்கின் ஓரத்தில் லேசான கசப்பு. என் பையன் முதல் வாயிலேயே "மோர் கெட்டுப்போச்சா?" என்றான். மோரில் இரண்டு கறிவேப்பிலையும் இஞ்சியும் தட்டிப் போட்டால் சமாளிக்கலாம். இன்னொன்று, உப்பு சப்பென்று இருக்கிறதே என்று கூடுதலாக ஒரு சிட்டிகை போட்டால் வாங்கியதே வீண். ஊறுகாய், அப்பளம், வடகம் வழியாக வரும் உப்பை இந்தப் பாக்கெட் ஒன்றும் செய்யாது.

பலன் உண்டா என்றால், சீனாவின் 600 கிராமங்களில் நடந்த பெரிய ஆய்வைச் சொல்லலாம். பக்கவாதம் வந்தவர்களும், பிபி உள்ள, அறுபதும் அதற்கு மேலும் வயதானவர்களும்தான் அதில் இருந்தார்கள். இந்த மாதிரி உப்புக்கு மாறியவர்களிடம் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்ததாக 2021-இல் முடிவு வந்தது. கல் திரும்ப வருவது குறையுமா என்று அதில் பார்க்கவில்லை.

எல்லோருக்கும் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். கிரியாட்டினின் (சிறுநீரகம் சரியாக வடிகட்டாவிட்டால் ரத்தத்தில் கூடும் கழிவு) ஏறியவர்களுக்கு ரத்தத்தில் பொட்டாசியம் தங்கினால் இதயத் துடிப்பே தடுமாறும். டெல்மிசார்ட்டன், ராமிப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் மாதிரி, ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றக்கூடிய பிபி, இதய மாத்திரை சாப்பிடுபவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம். கல் வந்தவர்களில் சிலருக்குச் சிறுநீரகமும் கொஞ்சம் சுணங்கியிருக்கும், அதனால் நான் ரத்தப் பரிசோதனை முடிந்த பிறகுதான் வாங்கினேன். என் மாமியாருக்குக் கிரியாட்டினின் அதிகம். அவருக்குச் சாதா உப்புதான், அதுவும் அளந்து. வீட்டில் இரண்டு டப்பா, இரண்டு கரண்டி. சமைக்கிறவர்களுக்கு இது ஒரு தொல்லை.

5-க்கு 4 கொடுக்கலாம். ஒரு மதிப்பெண் மோருக்காகக் குறைத்தது.