கடை அலங்காரம்: டிரெண்டுக்குப் போவதா, காலத்துக்கும் நிற்பதைச் செய்வதா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி சிற்றூரில் ஒரு கடையை வடிவமைக்கப் போனால் முதலில் கைக்கு வருவது கைப்பேசிப் படம்தான். "அண்ணே, கே.எல்.ல (கோலாலம்பூரில்) இந்தக் கடை மாதிரியே வேணும்" என்று முதலாளி காட்டுவார். கருப்பு அடித்த கூரை, செங்கல் தெரியும் சுவர், நியான் எழுத்து. ஆசையில் தப்பே இல்லை. பட்டணத்தில் வேலை பார்க்கும் பிள்ளைகள் தீபாவளிக்கு வரும்போது நம் கடையும் எடுப்பாக இருக்க வேண்டும் என்ற எண்ணமும் அதில் கலந்திருக்கும்.

ஆனால் கே.எல். பேரங்காடிக்கு நாள்தோறும் புது முகங்கள் வரும். இங்கே சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்தும் தாமான் என்கிற குடியிருப்புகளிலிருந்தும் அதே குடும்பங்கள்தான் வருஷக்கணக்காக வருகின்றன. திறப்பு விழாவன்று எல்லாரும் செல்ஃபி எடுத்த சுவரைச் சில மாதங்களில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அப்புறம் மிஞ்சுவது வெளிச்சம், காற்று, உட்காரும் வசதி. அதனால் படத்தில் எப்படி இருக்கிறது என்பதை விட்டுவிட்டு, திரும்பத் திரும்ப வருகிறவருக்கு எது உதவும் என்றே டிரெண்டையும் காலத்துக்கும் நிற்பதையும் ஒப்பிடுகிறேன்.

வெளிச்சத்தில்தான் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். இழை தெரியும் மஞ்சள் பல்புகள், ஏறத்தாழ 2700 கெல்வின் (ஒளி நிறத்தின் அளவு; எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் வெள்ளை), இப்போது எல்லார் படத்திலும் உண்டு. இரவுச் சாப்பாட்டுக் கடைக்கு அது நன்றாகவே இருக்கும். அதையே புடவைக் கடையில் மாட்டினால் வெள்ளை சந்தனமாகும், ஊதா மங்கிப்போகும். அக்கா ஒருத்தர் புடவையைத் தூக்கிக்கொண்டு கடை முன்னால் கூரை போட்ட ஐந்தடி நடைபாதைக்குப் போய்ப் பகல் வெளிச்சத்தில் பிரித்துப் பார்க்கிறார் என்றால், கடையின் விளக்கை அவர் நம்பவில்லை என்று அர்த்தம். 4000 கெல்வின் அளவில், நிறத்தை எவ்வளவு உள்ளபடி காட்டுகிறது என்பதற்கான சிஆர்ஐ எண் (நூறுதான் உச்சம்) 90-க்கு மேல் உள்ள விளக்குகள் படத்தில் சாதாரணமாகத்தான் தெரியும். ஆனால் துணி விற்க அவைதான் வேண்டும். அந்த நடைபாதையையே பாருங்கள். 1822-இல் பிரிட்டிஷ் அதிகாரி ராஃபிள்ஸ் சிங்கப்பூர் நகரத் திட்டத்தில் வலியுறுத்திய அமைப்பு அது. வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்க இடம் தருவதால், எத்தனையோ பாணிகள் வந்து போன பிறகும் நம் கடைவீதிகளில் நிற்கிறது.

வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் சோதனை தரையில் நடக்கும். வெள்ளை அறுகோண டைல்ஸ், வெளிர்நிறப் பூச்சு: படத்துக்கு அழகு. போர்சலின் டைல்ஸ் 0.5 விழுக்காட்டுக்கு மேல் தண்ணீர் குடிக்காது, ஆகவே டைல்ஸுக்கு ஒன்றும் ஆகாது. இடுக்கில் உள்ள சிமெண்டுப் பூச்சுதான் சாம்பாரைக் குடிக்கும். எவ்வளவு தேய்த்தாலும் மஞ்சள் போகாது. எனக்குக் கை கொடுப்பது சொரசொரப்பான சாம்பல்நிற டைல்ஸும் கறை குடிக்காத எபாக்ஸி பிசின் இடுக்குப் பூச்சும்தான். மழையில் நனைந்த செருப்போடு வருகிற பாட்டியும் வழுக்காமல் நடப்பார்.

சுவரில் ஒட்டும் வரிவரியான பலகையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். தாளிப்புப் புகை படியும் கடையில் ஒவ்வொரு வரியிலும் பிசுக்கு ஏறும், யார் உட்கார்ந்து துடைப்பது? உட்கூரைப் பலகை இல்லாமல் மேல்கூரையே தெரியவிடும் பாணியும் துத்தநாகத் தகரக் கூரைக்கு ஆகாது. மத்தியான வெக்கை நேரே தலையில் இறங்கும். சாயங்கால மழையில் ஆர்டர் சொல்வதே காதில் விழாது.

பழமைத் தோற்றம் என்றாலே காலத்துக்கும் நிற்கும் என்று நினைத்துவிடக் கூடாது. செயற்கையாகத் துருப்பிடிக்க வைத்த போர்டும், பளிங்கு மாதிரி ஸ்டிக்கர் ஒட்டிய மேசையும் டிரெண்டுதான். ஓரம் உரியும்போது தெரியும். ஆனால் சீனர் காப்பிக் கடையின் வளைமர நாற்காலி நிஜமாகவே நின்ற பொருள். 1859-இல் தோனெட் என்ற மரச்சாமான் செய்பவர் உருவாக்கிய வடிவத்தின் வாரிசு அது. ஒரு கையால் தூக்கலாம், கழன்றால் திருகி மாட்டலாம்.

டிரெண்டு ஜெயிக்கும் இடமும் உண்டு. இரண்டு வருட வாடகை ஒப்பந்தத்தில் பபிள் டீ கடை போடும் தம்பியிடம் நான் வாதாட மாட்டேன். பதின்ம வயதினர்தான் அவர் வாடிக்கையாளர்கள், புதுசு என்ற பெயரே அவருக்கு வியாபாரம். மற்றவர்களுக்குத் தரை, ஒயரிங், தண்ணீர்க் குழாய், கூரை ஆகியவற்றில் பணத்தை இறக்கச் சொல்வேன். டிரெண்டை ஒரு சுவர்ச் சாயம், தொங்கு விளக்கு, பெயர்ப்பலகை, மெத்தை உறை என்று ஸ்குரூடிரைவரும் பிரஷும் எட்டும் இடத்தில் வைக்கலாம். படம் காட்டியவரிடம் "இதில் எது உங்களுக்குப் பிடித்தது?" என்று விரல் வைத்துக் காட்டச் சொன்னால், பாதிப் பேர் காட்டுவது இந்தச் சின்ன விஷயங்களைத்தான்.

அப்படியும் தரையில் டிரெண்டு டைல்ஸ்தான் வேண்டும் என்று ஒருவர் உறுதியாக நின்றால், சரி, போடுங்கள். அதே லாட்டில் (ஒரே முறை தயாரித்த தொகுதியில்) சில பெட்டி கூடுதலாக வாங்கிப் பின்கட்டில் வைத்துவிடுங்கள். அடுத்த வருஷம் ஒன்று உடைந்தால் அந்த டிசைன் டைல்ஸ் கடையில் இருக்காது.