சங்கு, கோப்பை, ஹேபர்மேன் போத்தல்: டவுன் சின்ட்ரோம் பிள்ளைக்கு எது பொருந்தும்?

பிள்ளைக்கு டவுன் சின்ட்ரோம் என்ற செய்தி லண்டனுக்கும் டொரொண்டோவுக்கும் போனதும், அங்குள்ள சித்தியோ மாமியோ இணையத்தில் தேடிப் பார்த்து, உறிஞ்ச ஏலாத பிள்ளையும் சூப்பியை நெரித்தே குடிக்கக்கூடிய ஹேபர்மேன் போத்தல் ஒன்றை அனுப்பட்டுமா என்று கேட்பார்கள். வீட்டில் அம்மம்மா வெள்ளிச் சங்கைத் தேடி எடுத்துத் துலக்கி வைத்திருப்பா. வைத்தியசாலை விடுதியில் தாதி சின்னக் கோப்பையால் பருக்கக் காட்டித் தருவார். தாய்க்கு எதைக் கையில் எடுப்பது என்று தெரியாது. இந்த மூன்று சாமான்களையும் இங்கே எடை போடுகிறோம்.

எங்கள் முடிவு இது. பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தாய்முலையும் கோப்பையும் போதும். உறிஞ்சும் பலம் மிகவும் குறைந்த பிள்ளைக்கும் இதயக் குறைபாட்டால் களைக்கும் பிள்ளைக்கும் ஹேபர்மேன் போத்தல் கொடுக்கிற காசுக்குத் தகும். சங்கை இந்தப் பிள்ளைகளுக்குப் பாவிக்க வேண்டாம்.

ஏன் என்று விளங்க, பிள்ளையின் வாயைப் பார்க்க வேண்டும். 21ஆவது குரோமோசோம் இரண்டுக்குப் பதிலாக மூன்று இருப்பதால் உடம்பு முழுக்கத் தசை தளர்வாக இருக்கும். உதடு முலையைச் சுற்றி இறுக மூடாது. வாய்க்குழி சிறியதால் நாக்கு முன்னுக்கு வந்து நிற்கும். நாடி (கீழ்த்தாடை) பிடிப்பில்லாமல் இறங்கிவிடும். ஏறத்தாழப் பாதிப் பிள்ளைகளுக்கு இதயக் குறைபாடும் இருப்பதால், நாலு இழுப்பு இழுத்ததும் களைத்து நித்திரையாகிவிடுவார்கள். இழுக்கும் பலமும் குறைவு, விழுங்கும் வேகமும் குறைவு. பாலை இலகுவாக வரச் செய்கிற சாமான் விழுங்கும் வேகத்தைக் கவனிக்காமல் விட்டால் பால் புரைக்கேறும். கீழே சொல்லும் எல்லாம் இந்த ஒரு கணக்கை வைத்துத்தான்.

எந்தச் சாமானுக்கும் காசு போட முதல் முலையில் ஒரு பிடியைப் பழகிப் பாருங்கள். நடுவிரல், மோதிரவிரல், சின்னவிரல் மூன்றாலும் முலையைக் கீழிருந்து தாங்குங்கள். பெருவிரலையும் சுட்டுவிரலையும் முன்னுக்கு நீட்டி, பிள்ளையின் நாடி இடையில் இருக்க, இரண்டு சொக்கையும் மெதுவாகப் பிடியுங்கள். ஆங்கிலத்தில் டான்சர் பிடி என்பார்கள். நாடி இறங்காது, சொக்கு உள்ளே இழுபடாது, உறிஞ்சும் விசை வீணாகாது. அழுத்திப் பிடிக்கக் கூடாது, தாங்கினால் போதும். பிள்ளை முலையில் சரியாகக் குடிக்கும் வரை, இரவையும் சேர்த்து நாளுக்கு 8 தரமாவது பாலைக் கறந்தெடுக்க வேண்டும். இரவுக் கறத்தலை விட்டால் சில வாரங்களில் பால் குறையும், பிறகு எந்தப் போத்தலாலும் அதை மீட்க ஏலாது.

இனி ஹேபர்மேன் போத்தல். மண்டி ஹேபர்மேன் என்ற பிரித்தானியப் பெண், உறிஞ்ச முடியாமல் இருந்த தன் மகளுக்காக 1980களில் உருவாக்கியது இது. அந்தப் பிள்ளைக்கு இருந்தது ஸ்டிக்லர் சின்ட்ரோம் என்ற வேறொரு மரபணுக் கோளாறு. அண்ணப்பிளவுப் பிள்ளைகளுக்கும் உறிஞ்சும் பலம் குறைந்த பிள்ளைகளுக்கும் இது பாவனையில் இருக்கிறது. இப்போது மெடெலா நிறுவனம் 'ஸ்பெஷல் நீட்ஸ் ஃபீடர்' என்ற பெயரில் விற்கிறது, பழைய பெயரிலும் பலர் தேடுகிறார்கள். உள்ளே ஐந்து துண்டுகள்: போத்தல், வட்டத் தட்டு, மெல்லிய சிலிக்கோன் சவ்வு, நீண்ட சூப்பி, இறுக்கும் வளையம்.

இதன் உயிர் அந்தச் சவ்வில் இருக்கிறது. போத்தலில் இருந்து சூப்பிக்குள் பாலை விடும், திரும்பிப் போக விடாது. அதனால் பிள்ளை உறிஞ்சத் தேவையில்லை, முரசால் (ஈறால்) சூப்பியை நெரித்தாலே பால் வாய்க்குள் வரும். பூட்டும்போது சவ்வைத் தட்டின் துளையில் பொருத்தி, சவ்வுப் பக்கம் சூப்பியைப் பார்க்க வையுங்கள். மாறிப் பூட்டினால் சூப்பிக்குள் பால் ஏறாது, பிள்ளை காற்றைத்தான் விழுங்கும். பூட்டிய பிறகு போத்தலை நிமிர்த்திப் பிடித்துச் சூப்பியை நெரித்துக் காற்றை வெளியேற்றுங்கள். நெரித்த கையை விடாமல் தலைகீழாக்கி, பிறகு விடுங்கள். சூப்பி நிரம்பும் வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டும்.

சூப்பியின் மேல் மூன்று கோடுகள் இருக்கும், ஒன்றுக்கொன்று நீளம் வேறு. எந்தக் கோடு பிள்ளையின் மூக்குக்கு நேரே இருக்கிறதோ அதுதான் பாயும் அளவைத் தீர்மானிக்கும். குட்டைக் கோட்டில் பால் வராத அளவுக்குக் குறையும், நீளக் கோட்டில் மிகக் கூடுதலாக வரும். குட்டைக் கோட்டில் வாயில் வைத்துப் பிள்ளை மெல்லத் தொடங்கியதும் நடுக்கோட்டுக்குத் திருப்புங்கள். பிள்ளை கண்ணை விரித்தாலோ, விரல்களை விரித்தாலோ, வாயோரத்தால் பால் வடிந்தாலோ உடனே குட்டைக் கோட்டுக்குத் திரும்ப வேண்டும். போத்தலை வெளியே எடுக்காமல் ஓய்வு கொடுக்க முடிவதுதான் இந்தச் சாமானில் எங்களுக்கு மிகவும் பிடித்த அம்சம். களைத்த பிள்ளைக்குச் சூப்பியைத் திரும்பத் திரும்ப வாயில் பிடிக்கச் செய்வதே பெரிய வேலை.

பிழை நடப்பது அநேகமாகக் கையால்தான். பிள்ளை குடிக்கவில்லை என்ற அந்தரத்தில் சூப்பியை விடாமல் நெரிப்பார்கள். நெரிப்பது என்றால், பிள்ளை ஒருதரம் மெல்லும்போது ஒருதரம் இலேசாக, மூன்று நாலு தரத்துக்குப் பிறகு கையை எடுத்து விழுங்கவும் மூச்செடுக்கவும் நேரம் விட வேண்டும். சூப்பியின் நுனி வெட்டை ஊசியாலோ பிளேடாலோ பெருப்பிக்கவே கூடாது, மூன்று கோடுகளும் அத்தோடு பயனற்றுப் போகும். மாப்பால் கட்டிபட்டிருந்தால் வெட்டு அடைபடும். வைத்தியர் தடிப்பாக்கிய பால் கொடுக்கச் சொல்லியிருந்தால் இந்தப் போத்தல் சரிவராது.

யாழ்ப்பாணத்தில் இதற்குத் தனியாக ஒரு கரைச்சல் உண்டு, தண்ணீர். சுண்ணாம்புக்கல்லுக்குள் இருந்து வரும் எங்கள் கிணற்றுத் தண்ணீரில் கொதிக்க வைத்தால் சவ்வில் வெள்ளைப் படை பிடிக்கும். படை பிடித்த சவ்வு தட்டில் ஒட்டிப் படுக்காது, பால் பின்னுக்குப் போகும், பிள்ளை எவ்வளவு மென்றாலும் ஒன்றும் வராது. ஒவ்வொரு தரமும் ஐந்து துண்டையும் கழற்றி, சவர்க்காரம் போட்ட சூட்டுத் தண்ணீரில் கழுவி, 5 நிமிடம் கொதிக்க விட வேண்டும். வெள்ளை தெரிந்தால் தண்ணீர் கலந்த வினாகிரியில் ஊறவிட்டு, நன்றாக அலசிப் பிறகு கொதிக்க வையுங்கள். சவ்வை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், ஓரம் சுருண்டோ கீறியோ இருந்தால் எறிந்துவிட வேண்டும்.

மாப்பால் கரைக்க வேண்டிவந்தால் தண்ணீரில் இன்னும் கவனம் தேவை. வலிகாமத்துத் தோட்டக் காணிகளை அண்டிய கிணறுகள் பலவற்றில் உரத்தால் வந்த நைத்திரேற்று கூடுதலாக இருப்பது ஆய்வுகளில் பல தரம் தெரியவந்த விடயம். உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லீற்றருக்கு 50 மில்லிகிராம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு ஏறும். சின்னக் குழந்தையின் இரத்தம் ஒட்சிசன் காவுவதை இது கெடுக்கும், இதயக் குறைபாடுள்ள பிள்ளைக்கு அது இன்னும் ஆபத்து. கரைந்த உப்புகளையும் அகற்றும் ஆர்ஓ வடிகட்டியில் எடுத்த தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டுப் பாவியுங்கள்.

சங்குக்கு வருவோம். கஸ்தூரியார் வீதி நகைக்கடையில் வாங்கிய வெள்ளிச் சங்கில் தலைமுறைகள் பால் குடித்து வளர்ந்தது உண்மை. அந்தப் பிள்ளைகள் புரைக்கேறினால் இருமினார்கள். டவுன் சின்ட்ரோம் பிள்ளைகளில் பலருக்குப் பால் மூச்சுக்குழாய்க்குள் போனாலும் இருமல் வராது. சங்கின் மூக்கால் வாய்க்குள் ஊற்றும் பாலை நிறுத்துவது பிள்ளையின் கையில் இல்லை, ஊற்றுபவரின் கையில் இருக்கிறது. ஓசையில்லாமல் நெஞ்சுக்குள் இறங்கும் பால் திரும்பத் திரும்பச் சளிக்காய்ச்சலாக வரும். குடித்து முடித்ததும் மூச்சில் களகள என்ற ஈரச் சத்தம், கண்ணில் நீர், உதட்டைச் சுற்றி நீலம் பாரித்தல், இவற்றில் ஒன்று தெரிந்தாலும் பருக்குவதை நிறுத்தி வைத்தியரிடம் காட்டுங்கள். அம்மம்மாவுக்கு மனம் நோகாமல் சொல்ல வேண்டும்: சங்கில் குறை இல்லை, இந்தப் பிள்ளையின் தொண்டைக்கு அது வேகம் கூட.

கோப்பைக்கு எங்கள் முழு வாக்கு. வைத்தியசாலை வீதி மருந்துக்கடைகளில் கிடைக்கும் 30 மில்லி அளவுக்கோடு போட்ட சின்ன மருந்துக் கோப்பை போதும், விளிம்பு மழமழப்பாக இருக்க வேண்டும். பிள்ளை முழிப்பாக இருக்கும்போது, கை தட்டாமல் துவாயால் சுற்றி, மடியில் நிமிர்த்தி வைத்து, தலையின் பின்புறத்தைத் தாங்குங்கள். கோப்பையைப் பாதிக்கு மேல் நிரப்பி, விளிம்பைக் கீழுதட்டில் இலேசாக வைத்து, பால் உதட்டைத் தொடும் அளவுக்கு மட்டும் சரியுங்கள். ஊற்ற வேண்டாம். பிள்ளை நாக்கால் நக்கி அல்லது உறிஞ்சித் தானே எடுக்கும். ஓய்வெடுக்கும்போது கோப்பையை எடுக்காமல் சரிவை மட்டும் குறையுங்கள்.

கோப்பையின் குறை சிந்துவதுதான். 40 மில்லி முடிந்தது என்று எழுதிவைப்பார்கள், 12 மில்லி துவாயில் இருக்கும். சமையலறை டிஜிட்டல் தராசு இருந்தால் துவாயைக் குடிக்க முதலும் பிறகும் நிறுங்கள். ஒரு கிராம் கூடினால் ஏறத்தாழ ஒரு மில்லி சிந்தியது என்று கணக்கு. மூன்று நாலு தரம் இப்படிப் பார்த்தால் சராசரி பிடிபடும்.

மொத்த அளவுக்கு, முதல் வாரம் கழிந்த பிறகு ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு ஏறத்தாழ 150 மில்லி என்பது வழமையான கணக்கு. 3 கிலோப் பிள்ளைக்கு 450 மில்லி, 8 தரமாகப் பிரித்தால் தரத்துக்கு 55 மில்லி அளவில் வரும். இதயக் குறைபாட்டுக்கு மருந்து எடுக்கும் பிள்ளைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, வைத்தியர் எழுதித் தரும் அளவுதான். எந்தச் சாமானால் பருக்கினாலும் 30 நிமிடத்தோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் குடிப்பதில் வரும் சக்தியைக் குடிக்கும் வேலையே தின்றுவிடும். தினமும் 30 நிமிடத்தில் பாதியும் முடியவில்லை என்றால் குழாயால் பருக்குவது பற்றிக் கேட்க வேண்டிய நேரம் அது.

குடிக்கும்போது நெற்றி வியர்ப்பது, சும்மா படுத்திருக்கும்போதே நிமிடத்துக்கு 60க்கு மேல் மூச்சு வாங்குவது, எடை ஏறாமல் நிற்பது, இவை இதயத்தில் இருந்து வரும் அறிகுறிகள். பெரிய துவாரம் உள்ள பிள்ளைகளில் முதல் சில வாரம் எல்லாம் சரியாக இருந்து, பிறகுதான் இவை தலைகாட்டும். போதனா வைத்தியசாலைக் கிளினிக்கில் எக்கோ (இதய ஸ்கான்) இன்னும் எடுக்கவில்லை என்றால் முதலில் அதைக் கேளுங்கள். மலச்சிக்கலும் நீடித்த மஞ்சளும் சேர்ந்த சோம்பல் குடிப்புக்குத் தைராய்டு காரணமாக இருக்கலாம். பிறந்தபோது சோதித்திருந்தாலும் 6 மாதத்திலும் 12 மாதத்திலும் திரும்பப் பார்க்க வேண்டும். பச்சையாக வாந்தி எடுத்தால் ஒரு மணி நேரமும் தாமதிக்காமல் கொண்டுபோங்கள், குடல் அடைப்பாக இருக்கலாம்.

போத்தல் வாங்குவதென்று தீர்மானித்தால், அதற்கு முதல் பேச்சு மொழிச் சிகிச்சையாளரிடம் பிள்ளை விழுங்குவதைக் காட்டுங்கள். பேச்சுக்கு இன்னும் நாள் இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம், விழுங்குதலைப் பார்ப்பதும் அவர்களுடைய வேலைதான். வெளிநாட்டில் இருந்து எடுப்பிப்பதாக இருந்தால் மேலதிகச் சவ்வுகளையும் ஒரு சூப்பியையும் அதே பார்சலில் போடச் சொல்லுங்கள். நகம் அளவான சவ்வு கழுவும் தொட்டியில் தண்ணீரோடு போய்விட்டால், அடுத்தது வந்து சேரும் வரை போத்தல் அலுமாரியில்தான் இருக்கும். சூப்பியில் குட்டை, நீளம் என்று இரண்டு அளவு உண்டு. முன்கூட்டிப் பிறந்த அல்லது மிகச் சின்ன வாயுள்ள பிள்ளைக்குக் குட்டைச் சூப்பியைக் கேட்டு வாங்குங்கள்.